துண்டாடல்: வட சிலாங்கூர்த் தோட்டங்களில் நிலச் சந்தையும் விளைச்சலும்



மொழியியலில் வாழ்நாளைச் செலவிட்ட ஒருவன் நிலத்தின் வரலாற்றைப் பேச முற்படுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நான் வந்து சேர்ந்தது சொற்களின் வழியாகத்தான். மலாய் மொழியில் ‘மோடால்’ என்றொரு சொல் உண்டு. தொழிலில் இடும் பணத்தைக் குறிப்பது. அது நம்முடைய ‘முதல்’. ‘கூலி’ என்ற சொல்லும் அம்மொழியில் வழங்குகிறது; அதன் வேரைத் தமிழில் காண்போர் பலர். ஆனால், நில உரிமையைக் குறிக்கும் வழக்கில் ஓட்டம் திசை மாறுகிறது. உரிமைப் பத்திரத்தைத் தோட்டத்துத் தமிழர் ‘கிராண்டு’ என்றனர். மலாயில் அது ‘கெரான்’. இரண்டும் ஆங்கிலேயர் கொணர்ந்த சொல்லின் திரிபுகள். முதலுக்கும் கூலிக்கும் சொல் கொடுத்த மொழியினர் நில உரிமைக்குரிய சொல்லைக் கடன் வாங்கினர்.

சொல்லாராய்ச்சியிலிருந்து பொருளியலை நேரே வருவிப்பது பிழை என்பதை அறிவேன். ஆயினும் ஒரு வினாவை எழுப்பும் உரிமை சொல்லுக்கு உண்டு. நூறாண்டுக்கு மேலாக இவ்வட்டாரத்து மண்ணை விளையச் செய்தவர்கள், அந்த மண் விற்கப்பட்ட சந்தையில் எந்த இடத்தில் நின்றார்கள்? அவர்கள் நின்ற இடத்துக்கும் மண்ணின் விளைச்சலுக்கும் தொடர்பு உண்டா? இன்றைய பொழிவின் பொருள் இதுவே.

1. பொருளியலார் கேட்கும் வினா

வளரும் நாடுகளின் வேளாண்மையை ஆராய்வோர் நெடுங்காலமாக ஒரு வழக்கை நடத்தி வருகின்றனர். நிலத்தை விற்கவும் வாங்கவும் குத்தகைக்கு விடவும் தடையில்லாத சந்தை இருந்தால் விளைச்சல் பெருகுமா என்பதே அவ்வழக்கு. பெருகும் என்போர் கூறும் காரணம் எளியது. ஓர் ஊரில் திறன் மிக்க உழவரிடம் இரண்டு ஏக்கரும், உழவில் நாட்டமில்லாத ஒருவரிடம் பத்து ஏக்கரும் இருக்கின்றன. நிலம் கைமாற வழியில்லையெனில் திறன் ஒரு பக்கமும் மண் ஒரு பக்கமும் கிடக்கும். ஊரின் மொத்த விளைச்சல் குன்றும். சந்தை இவ்விரண்டையும் சேர்த்து வைக்கும் என்பது அவர்கள் துணிபு.

இதற்குச் சான்றுகளும் உண்டு. எத்தியோப்பியாவில் 1975ஆம் ஆண்டு நிலம் முழுவதும் பொதுவுடைமையாக்கப்பட்டது. 1995ஆம் ஆண்டின் அரசமைப்பும் நில விற்பனைக்கு இடந்தரவில்லை. குத்தகைக்கு மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்ட அளவில் இசைவு உண்டு. குத்தகை மிகுந்து நடக்கும் இடங்களில் நிலம் திறனுடையோர் கையை எட்டுகிறது, விளைச்சலும் உயர்கிறது என்று அண்மைக்கால ஆய்வாளர் காட்டியுள்ளனர். பிலிப்பைன்சில் 1988ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தம் உடைமைக்கு 5 எக்டர் உச்சவரம்பு வைத்து, வழங்கப்பட்ட நிலத்தை விற்பதற்கும் தடை விதித்தது. அச்சீர்திருத்தத்தால் பண்ணையின் சராசரிப் பரப்பு 34 விழுக்காடும் வேளாண் உற்பத்தித்திறன் 17 விழுக்காடும் குறைந்ததாக அடமோபுலோஸ், ரெஸ்டூச்சா ஆகிய இருவரும் கணித்தனர்.

மறுதரப்புக்கும் வலிமை குறைவில்லை. இந்தியப் பண்ணைக் கணக்குகளை ஆராய்ந்த அமர்த்தியா சென் 1962ஆம் ஆண்டிலேயே ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். பண்ணை சிறியதாக இருக்க இருக்க ஏக்கருக்கு விளைவது கூடுகிறது. காரணம், தன் நிலத்தில் தன் குடும்பத்தோடு உழைப்பவர் கூலிக்கணக்குப் பார்ப்பதில்லை. களையும் நீரும் அவர் கண்ணுக்குத் தப்புவதில்லை.

இவ்விரு தரப்பும் முரண்படுவதுபோல் தோன்றும். இவ்வழக்கைத் தீர்க்க நாம் எத்தியோப்பியா வரை செல்ல வேண்டியதில்லை. வடசிலாங்கூரின் தோட்டங்களில் நிலம் பெரும் பரப்பாகத் திரண்டதையும், துண்டுகளாகச் சிதறியதையும், மீண்டும் திரண்டதையும் நம் முன்னோர் மூன்று தலைமுறைக்குள் கண்டுவிட்டனர்.

2. ஏட்டில் பிறந்த சந்தை

நிலச் சந்தை தானாக முளைப்பதன்று. அதனைச் சட்டம் உண்டாக்குகிறது. தென் ஆஸ்திரேலியாவில் 1858ஆம் ஆண்டு இராபர்ட் டோரன்ஸ் ஒரு முறையை நடைமுறைக்குக் கொணர்ந்தார். யார் எத்தனை தலைமுறையாக உழுதார் என்பது அம்முறையில் கேள்வியன்று. அரசின் பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர். அதனை நேரில் ஆய்ந்து வந்த வில்லியம் மேக்ஸ்வெல் சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்தபோது, 1891ஆம் ஆண்டு உரிமைப் பதிவுச் சட்டம் இங்கு வந்தது. அதுவரை காடு திருத்திப் பயிரிட்டவருக்கே நிலம் என்பது மலாய் மரபு. பயிர் கைவிடப்பட்டால் உரிமையும் மங்கும். புதிய சட்டத்தில் உரிமை உழைப்பிலிருந்து பிரிந்து ஏட்டுக்குச் சென்றது. ஏட்டில் உள்ளதை எளிதில் விற்கலாம், அடகு வைக்கலாம், கடல் கடந்த நிறுவனத்தின் பெயருக்கு மாற்றலாம்.

இந்த எளிமையின் பயன் விரைவில் தெரிந்தது. காப்பி நலிந்த காலத்தில் ரப்பர் எழுந்தது. 1910ஆம் ஆண்டு இலண்டனில் ஓர் இராத்தல் ரப்பர் பன்னிரண்டு சில்லிங்குக்கு மேல் விலைபோயிற்று. அவ்வேறுமுகத்தில் இலண்டனில் பங்கு திரட்டிய நிறுவனங்கள் ஜெராம், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை எனக் காட்டைத் திருத்திக்கொண்டே சென்றன. உறுதியான பதிவேடு இல்லாதிருந்தால் முதல் போட்டோர் அத்துணை விரைவாகத் துணிந்திருக்க மாட்டார்கள். இது சந்தைக்குரிய பெருமை, மறைக்க வேண்டியதில்லை.

அதே விரைவு அரசை அச்சுறுத்தவும் செய்தது. கம்பத்து மக்கள் நல்ல விலைக்கு நிலத்தை விற்றுவிட்டு நிலமற்றோர் ஆகின்றனர் என்று கண்ட அரசு, 1913ஆம் ஆண்டு மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டத்தையும், 1917ஆம் ஆண்டு நெல் நிலத்தில் வேறு பயிர் செய்வதைத் தடுக்கும் சட்டத்தையும் இயற்றியது. ஆகவே இவ்வட்டாரத்தில் தொடக்கம் முதலே இரண்டு நிலங்கள் இருந்தன: சந்தைக்கு முழுவதும் திறந்த தோட்ட நிலம் ஒன்று, சந்தைக்கு வேலியிட்ட ஒதுக்கீட்டு நிலமும் நெல் நிலமும் மற்றொன்று.

மூன்றாவதாக ஒரு மக்கள் தொகுதி இருந்தது. தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் அழைத்து வந்த தமிழர். 1907ஆம் ஆண்டு முதல் தமிழர் குடியேற்ற நிதி அவர்களின் கப்பல் செலவை ஏற்றது. அந்நிதி ஆளைக் கொணர்வதற்கு உரியது. நிலத்தில் அமர்த்துவதற்கு உரியதன்று. தாயகத்திலும் நிலம் இல்லாதவராய் இருந்தோர் பலர். இங்கு 1929ஆம் ஆண்டு முதன்மை வட்டாரங்களுக்கு வகுக்கப்பட்ட கூலி ஆடவருக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்டிருக்கு 40 காசு. ஒதுக்கீட்டு நிலத்துக்கு அவர்கள் உரியரல்லர். திறந்த சந்தையில் வாங்க அவர்களிடம் முதல் இல்லை. கதவு திறந்திருந்த நிலத்துக்கும் மூடியிருந்த நிலத்துக்கும் அவர்கள் ஒருசேர அயலார்.

3. தென்னமரம்

பத்தாங் பெர்ஜுந்தை அருகே ஒரு தோட்டத்துக்குத் தென்னமரம் என்று பெயர். ஆங்கில ஏடுகளில் அப்பெயர் எவ்வாறு எழுதப்பட்டாலும் நம் காதுக்கு அதில் ஐயமில்லை. பெயர் தென்னையுடையது, புகழ் செம்பனையுடையது. பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கோனியே 1917ஆம் ஆண்டு இங்கு நட்டதே மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம். கோலசிலாங்கூரின் ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர்த் தோட்டம் அமைத்தவர் அவர். பின்னாளில் தோட்ட வாழ்வை வைத்து எழுதிய ‘மலேசி’ என்ற நாவலுக்காக 1930ஆம் ஆண்டு பிரான்சின் கோன்கூர்ப் பரிசு பெற்றார். அந்நாவலில் நம்மவரும் நடமாடுகின்றனர்.

செம்பனையின் இயல்பை அறிந்தால் நிலத்தின் அளவு ஏன் பொருட்டாகிறது என்பது விளங்கும். நட்டு ஏறத்தாழ மூன்றாண்டு வரை வருமானமில்லை. பழுத்த குலையை வெட்டி ஒரு நாளுக்குள் ஆலையில் அவிக்காவிட்டால் எண்ணெயின் தரம் கெடும். ஆகவே ஆலை அருகில் வேண்டும். ஆலைக்கு ஓயாது தீனி போடப் பரந்த தோட்டம் வேண்டும். வழி நெடுகப் பாதை வேண்டும். ரப்பர் இவ்வகையில் எளிய பயிர். பாலை உறையவைத்து, உருளையில் அழுத்தி, உலர்த்திவிட்டால் தாள் கெடாமல் காத்திருக்கும். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரும் இதனைச் செய்யலாம். எனவே செம்பனைக்குப் பெருநிலமும், பொறுத்திருக்கும் முதலும் துணை; ரப்பருக்கு அவை இன்றியமையாதவை அல்ல.

4. சிறுதோட்டம் தந்த சான்று

இதற்கு வரலாறே சான்று. ரப்பர் விலை சரிந்தபோது 1922 முதல் 1928 வரை ஸ்டீவன்சன் திட்டமும், 1934 முதல் பன்னாட்டு உடன்பாடும் உற்பத்தியைக் கட்டுப்படுத்தின. ஒவ்வொருவருக்கும் இவ்வளவுதான் விற்கலாம் என அளவு வகுத்தபோது, சிறுதோட்டக்காரரின் விளைச்சல் குறைத்தே மதிப்பிடப்பட்டது. அவர்கள் சோம்பர், மரத்தை நெருக்கி நடுகின்றனர், களை எடுப்பதில்லை என்பது துரைமார் கூற்று. போருக்குப் பின் இச்செய்திகளை நேரில் ஆராய்ந்த பொருளியலர் பி.டி. பாவர், அந்நெருக்கமான நடவினாலேயே சிறுதோட்டத்தின் ஏக்கர் விளைச்சல் பெருந்தோட்டத்துக்குக் குறையாமலும் பல இடங்களில் கூடியும் இருந்தது என்று எழுதினார். சென் பின்னர் இந்தியாவில் கண்டதை இங்குள்ள ரப்பர்ச் சிறுதோட்டம் முன்னரே காட்டியிருந்தது.

இதிலிருந்து ஒருவர் எளிதாக ஒரு முடிவுக்கு வரலாம்: பெருந்தோட்டத்தைச் சிறு துண்டுகளாக்கினால் விளைச்சல் உயரும். 1950களில் சந்தை அதனையே செய்தது. விளைந்தது வேறு.

5. துண்டாடல்

கொரியப் போரின்போது ஏறிய ரப்பர் விலையும், நெருங்கிவந்த விடுதலையும், நாட்டில் நிலவிய நெருக்கடியும் சேர்ந்து வெள்ளையர் நிறுவனங்கள் சிலவற்றை விற்கத் தூண்டின. வாங்க முன்வந்தோர் பெரும்பாலும் தோட்டம் நடத்துவதற்காக வாங்கவில்லை. ஆயிரம் ஏக்கரை மொத்த விலைக்கு வாங்கி, பத்தும் ஐந்துமாகச் சில்லறைக்கு விற்றால் கிடைக்கும் ஆதாயமே அவர்களை ஈர்த்தது. புதிய நிலத்தை அரசு வழங்குவது தாமதமான அந்நாளில், நகரத்துக் கடைக்காரரும் சம்பளக்காரரும் சேமிப்பை இட ஒரு துண்டு நிலம் தேடினர். துண்டுகளின் கூட்டுத்தொகை முழுமையின் விலையை விஞ்சிற்று.

இதற்குத் தோட்டத் தமிழர் இட்ட பெயர் ‘துண்டாடல்’. அலுவலக மொழியில் அது உட்பிரிவினை. நிறம் இல்லாத சொல். ‘துண்டாடுதல்’ வாளோடும் உடலோடும் சேர்த்து வழங்கும் வினை. இச்சொல்லை எந்தக் கலைச்சொல்லாக்கக் குழுவும் உண்டாக்கவில்லை, பட்டறிவு உண்டாக்கியது.

இவ்விடத்தில் என் சொந்த நினைவொன்றைக் கூற அவை பொறுத்தருள வேண்டும். நான் பிறந்த தோட்டத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கோலசிலாங்கூர் வட்டாரத்தில் அதனைப் போன்றவை பல. என் தந்தையார் பால்மரம் வெட்டியவர். எனக்கு ஆறேழு வயதிருக்கும்போது நில அளவையாளர் சங்கிலியோடு வந்து மரங்களுக்கிடையே எல்லைக்கற்களை நட்டுச் சென்றனர். ஒரு கல் என் தந்தையின் நிரைக்கு நடுவில் விழுந்தது. அதுவரை அவர் ஒரே மூச்சில் வெட்டி வந்த மரங்கள் மூவர் உடைமையாயின. அன்றிரவு என் தாயார் கேட்ட ஒரே கேள்வி இன்றும் காதில் நிற்கிறது: “நம்ம லயம் யாரு பங்குல வருது?” தந்தையார் விடை சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கோயில் நகரத்தில் வாழும் ஒருவரின் பங்கில் வந்தது. குழாய் நீரும் மருந்தகமும் எவர் பங்கிலும் வரவில்லை, அவை நின்றுபோயின.

புதிய உரிமையாளர் மூவருக்கும் மரம் வெட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளும் எண்ணமும் இல்லை. வரும் பாலில் பாதி அவர்களுக்கு, பாதி என் தந்தைக்கு என்று பேச்சாயிற்று. நிறுவனத்தின் காலத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டிய மரத்தைத் தந்தையார் நாள்தோறும் வெட்டத் தொடங்கினார். பட்டை மீண்டும் வளர ஆண்டுகள் ஆகும் என்பதை அவரைவிட நன்கறிந்தவர் அங்கு எவருமில்லை. ஆயினும் அடுத்த ஆண்டு அந்த மரம் தமக்கு இருக்கும் என்பதற்கு உறுதியில்லாதவர் எதற்காக அதன் பட்டையைக் காக்க வேண்டும்? நல்ல வெட்டுக்காரர் என்று பெயரெடுத்த அவர், மரத்தைக் காயப்படுத்தி வெட்டிவிட்டு வந்த நாள்களில் வீட்டில் பேசமாட்டார்.

1951 முதல் 1960 வரை நிகழ்ந்த துண்டாடலை மலாயாப் பல்கலைக்கழகத்தின் உங்கு அப்துல் அஜீஸ் விரிவாக ஆய்ந்தார். வாங்கியோரில் பலர் நிலத்தில் வாழாதவர், உழைக்காதவர் என்பதும், தொழிலாளர் வேலையையும் குடியிருப்பையும் இழந்தனர் என்பதும் அவ்வாய்வால் நாடறிந்த செய்திகளாயின. எங்கள் நிரையில் நடந்தது எங்களுக்கு மட்டும் நடந்ததன்று.

இப்போது முந்தைய முரண் அவிழ்கிறது. சிறுதோட்டம் நன்கு விளைந்ததற்குச் சிறுமை காரணமன்று. உரிமையாளரும் உழைப்பாளரும் ஒருவராக இருந்ததே காரணம். துண்டாடிய தோட்டம் சிறுதோட்டத்தின் அளவைப் பெற்றது. அதன் உயிரைப் பெறவில்லை. பெருந்தோட்டத்துக்கு இருந்த முதலும் ஒழுங்கும் போயின. சிறுதோட்டக்காரருக்கு இருந்த அக்கறை வரவில்லை. இருவகையின் குறைகளும் ஓரிடத்தில் சேர்ந்தன.

மறுநடவில் இது வெளிப்படையாகத் தெரிந்தது. பழைய விதைநாற்று மரங்கள் ஏக்கருக்கு ஆண்டில் ஐந்நூறு இராத்தலை ஒட்டித் தந்தன. சுங்கை பூலோவில் ஆய்வு நிலையம் வைத்திருந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய ஒட்டுமர இனங்கள் அதைப்போல் மூன்று மடங்கு தரவல்லவை. ஆனால் அவற்றைத் தவரணையில் வளர்த்து நட்டபின் ஆறாண்டு காத்திருக்க வேண்டும். 1952 முதல் மறுநடவுக்கு உதவித்தொகை கிடைத்தது. அது பதிவேட்டில் பெயருள்ளவருக்கு உரியது. பெயருள்ளவர் ஊரில் இல்லை. ஊரில் உள்ளவருக்குப் பெயர் இல்லை. அறிவியல் சில மைல் தொலைவில் இருந்தும் பல துண்டுகளில் கிழட்டு மரங்களே நின்றன.

அரசு பின்னர் இதனை உணர்ந்தது. தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, 40 எக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தை இருவர்க்கு மேற்பட்டோ இருவர்க்கோ பிரித்து விற்க வேண்டுமாயின் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. எங்கள் லயம் அதற்கு முன்பே காலியாகிவிட்டது.

6. பத்து வெள்ளி

துண்டாடலுக்கு எதிராக எழுந்த முயற்சிகளுள் தலையாயது, சந்தையை எதிர்த்து நிற்காமல் சந்தைக்குள்ளேயே நுழைந்தது. துன் வீ.தி. சம்பந்தன் தலைமையில் 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தோட்டம் விற்பனைக்கு வருகிறதெனில் தொழிலாளியே ஏன் வாங்கக்கூடாது? ஒருவரால் இயலாதது பல்லாயிரவரால் இயலும். பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்தி ஒரு பங்கை அடையலாம் என்று அறிவிக்கப்பட்டது. பால்மரம் வெட்டுவோருக்கு அது சில நாள் கூலி. துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று பேசினார். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது, பிற பின்தொடர்ந்தன.

இங்கும் ஒரு சொல்லைக் கவனியுங்கள். என் தாயார் கேட்ட ‘பங்கு’ வெட்டப்பட்ட நிலத்துண்டு. சங்கம் கொடுத்த ‘பங்கு’ வெட்டப்படாத நிலத்தில் ஒரு கூறு. ஒரே சொல் எதிரெதிர்ப் பொருள் இரண்டைத் தாங்கி நின்றது. தோட்டம் முழுமையாக இருந்ததால் ஆலையும் பாதையும் மறுநடவுத் திட்டமும் காக்கப்பட்டன. பயிர் மாற்றமும் இயன்றது. சந்தையை நோக்கி ஏழைகள் திரண்டு நடந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு இது பெருஞ்சான்று.

எனினும் வரலாற்றாய்வில் நன்றியுணர்வு மட்டும் போதாது. உரிமை சங்கத்தின் பெயரில் இருந்தது. உறுப்பினர் பங்காளியானார், உழவர் ஆகவில்லை. அவர் கையில் இருந்தது கணக்குப் புத்தகம். காலில் பட்ட மண் வேறொரு நிறுவனத்துடையதாகவும் இருக்கலாம். அத்துடன் 1969ஆம் ஆண்டுக்குப் பின் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை அனுமதி கட்டாயமாக்கப்பட்டபோது, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் தமிழகத்துக்குத் திரும்பினர். நில உரிமைக்கு முன்பாக நாட்டுரிமை என்ற படி ஒன்று இருந்தது. பலர் அங்கேயே வழுக்கினர்.

தாயகத்தில் இதனோடு ஒப்பிடத்தக்க முயற்சி ஒன்று நடந்தது. கீழவெண்மணிக் கொடுமை நிகழ்ந்த கீழைத் தஞ்சையில் கிருஷ்ணம்மாள், சங்கரலிங்கம் ஜெகந்நாதன் இணையர் 1981ஆம் ஆண்டு உழுபவனின் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கினர். நிலக்கிழாரோடு பேசி விலை முடித்து, கடனும் கொடையும் திரட்டி வாங்கிய நிலத்தை, ஆளுக்கு ஏறத்தாழ ஓர் ஏக்கராக நிலமற்ற தலித் பெண்களின் பெயரில் பதிந்தனர். 2008ஆம் ஆண்டு அவர்களுக்கு ‘மாற்று நோபல்’ எனப்படும் பரிசு கிடைத்தது. அங்கும் கருவி சந்தைதான். வேறுபாடு பதிவேட்டில் இருந்தது: அங்கே உழுபவளின் பெயரே ஏறியது. நெல்லுக்கு அது பொருந்தும். செம்பனைக்கு நம் சங்கத்தின் வழி பொருந்தும். பயிருக்கேற்ப வடிவம் மாறலாம். உழைப்பவர் வாங்குவோர் வரிசையில் நிற்க வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது.

7. கால்வாயின் மறுகரை

தோட்டங்களிலிருந்து மேற்கே கடலை நோக்கிச் சென்றால் தஞ்சோங் காராங்கும் செக்கிஞ்சானும் வரும். சதுப்பாகக் கிடந்த அம்மண் 1930களில் தொடங்கிய பாசனத் திட்டத்தால் வயலாயிற்று. பெர்ணம் ஆற்று நீர் தெங்கி ஆற்றின் வழியே கால்வாய்களில் பாய்கிறது. நாட்டின் சராசரி நெல் விளைச்சல் எக்டருக்கு நான்கு டன்னை ஒட்டி நிற்க, செக்கிஞ்சானின் நல்ல வயல்கள் அதன் இருமடங்கை எட்டுகின்றன. இங்கு நிலம் தோட்ட நிலத்தைப்போல் தடையின்றிக் கைமாறவில்லை. நெல் நிலம் நெல் நிலமாகவே இருக்க வேண்டும் என்ற வேலி இருந்தது. நீர், சமன் செய்த வயல், நல்விதை, வயலருகே வாழும் உரிமையாளர் ஆகிய நான்கும் சேர்ந்தே அவ்விளைச்சலைத் தந்தன. முதுமையுற்றவர் குத்தகைக்கு விட, இயந்திரம் வைத்திருக்கும் இளையவர் பல வயல்களைச் சேர்த்து உழுகிறார். எத்தியோப்பிய ஆய்வு சொன்ன நன்மை இங்குக் கண்கூடு. ஆனால் அதற்கு முன்னரே தண்ணீர் வந்திருந்தது.

8. மூன்றாவது பங்கு

‘பங்கு’ என்ற சொல்லுக்கு மூன்றாவது பொருளும் வந்தது. 1981 செப்டம்பர் 7ஆம் நாள் காலையில், சில மணி நேரத்துக்குள், பெர்மோடாலான் நேஷனல் நிறுவனம் கத்ரி நிறுவனத்தின் பங்குகளை இலண்டன் பங்குச் சந்தையில் வாங்கி அதனைத் தன் கைக்குக் கொணர்ந்தது. நாட்டின் தோட்டங்கள் நாட்டுக்குத் திரும்பிய நாள் அது, பெருமைக்குரியது. அவ்வாங்கிய நிறுவனத்தின் பெயரில் ‘மோடால்’ இருக்கிறது, நம் ‘முதல்’. 2007ஆம் ஆண்டு கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி ஆகியவை ஒன்றிணைந்தபோது நிலம் இன்னும் பெரிதாகத் திரண்டது. இம்முறை எல்லைக்கல் எதுவும் நடப்படவில்லை. மரத்தடியில் நின்றவருக்கு அன்றைய பெரட்டும் முந்தைய நாள் பெரட்டும் ஒன்றே. ‘தோட்டம் கைமாறிவிட்டது’ என்று மட்டும் சொல்லிக்கொண்டனர். யார் கையிலிருந்து யார் கைக்கு என்பது அந்தத் தொடரில் இல்லை.

இன்று சந்தை வேறொரு வேலை செய்கிறது. 2011ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கோலாலம்பூர்-கோலசிலாங்கூர் விரைவுச்சாலைக்குப் பின் ஈஜோக் தலைநகரின் புறநகர்போல் ஆகிவிட்டது. மரம் நிற்கும் நிலத்தைவிட வீடு நிற்கும் நிலத்துக்கு விலை பன்மடங்கு. சுங்கை பூலோவில் உலகுக்கே உயர்விளைச்சல் ரப்பர் இனங்களை அளித்த ஆராய்ச்சி நிலம், ஏறத்தாழ 2,300 ஏக்கர், நகரியமாக மாறி வருகிறது. நிலம் அதிக வருவாய் தரும் பயனை நோக்கிப் போகிறது என்று பொருளியலர் கூறுவார்; அது உண்மை. ஆயின் ‘விளைச்சல்’ என்ற நம் வினாவுக்கு அது விடையன்று. அவ்விலை உயர்வில் மூன்று தலைமுறை உழைப்பும் அடங்கியிருக்கிறது. அதற்கெனப் பதிவேட்டில் ஒரு பத்தி இல்லை.

9. நிறைவுரை

அவையோரே, நிலச் சந்தை நன்றா தீதா என்று கேட்டால் வரலாறு விடை சொல்ல மறுக்கிறது. 1910இல் அது காட்டைத் தோட்டமாக்கியது. 1960இல் தோட்டத்தைச் சிதைத்தது. அதே ஆண்டில் தொழிலாளரின் பத்து வெள்ளிக்குத் தோட்டத்தை விற்கவும் செய்தது. ‘சந்தையில் யார் நிற்க முடிகிறது?’ என்று கேட்டால் விடை தெளிவாகிறது. மண்ணை விளையச் செய்பவரின் பெயர் பதிவேட்டில் ஏறவும், கடன் அவரை எட்டவும், ஆறாண்டுப் பயிருக்குக் காத்திருக்கும் உறுதி அவருக்கு அமையவும் இடம் தரும் சந்தை விளைச்சலைப் பெருக்கும். அவர் தலைக்கு மேலாக நடக்கும் சந்தை விலையைப் பெருக்கும். மரத்தின் பட்டையைத் தின்னும்.

என் தந்தையார் மறைந்தபின் அவருடைய தகரப்பெட்டியில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று தேய்ந்த பால்கத்தி. மற்றொன்று கூட்டுறவுச் சங்கத்தின் பங்குச் சான்று. தாம் வெட்டிய மரம் ஒன்றுகூட நிற்காத தோட்டத்தில் அவருக்குப் பங்கு இருந்தது. தாம் நாற்பது ஆண்டு வெட்டிய தோட்டத்தில் இல்லை. இவ்விரண்டையும் ஒரே இடத்தில் சேர்க்கும் வழியை அவர் தலைமுறை பாதி தூரம் கண்டது. மீதியை இளைய ஆய்வாளர்கள் தொடர வேண்டும். வட்டாரத்தில் எஞ்சியிருக்கும் பெரியவர்களிடம் சென்று, துண்டாடப்பட்ட ஒவ்வொரு தோட்டத்தின் பெயரையும், அதன் நிரைகளில் நின்றவர்களின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். அரசின் பதிவேட்டில் ஏறாத பெயர்கள் நம் ஏட்டிலாவது ஏறட்டும்.